பேச்சோடு இறங்கும் தூளி

“மொட்டப்பாறை வந்திருச்சு பாரு குள்ளம்மாக்கா. இதைத் தாண்டிட்டா வெயிலே கெடையாது. எல்லாம் நெழலுதான். மாமியா வூட்டு விருந்துக்குப் போற மாதிரி நீ பாட்டுக்குக் கண்ண மூடிக்கிட்டு வா.”

இப்படிச் சொல்லிக்கொண்டே செங்குத்தான பாறைத் தடத்தில் இறங்குகிறான் கரியன். அவன் வலது தோளில் மூங்கிலின் முன்முனை. பின்முனை அவன் மச்சினன் தீர்த்தன் தோளில். நடுவே கறுப்புக் கம்பளி ஒன்று தொட்டிலாகத் தொங்குகிறது. அதற்குள் காய்ச்சலில் சுருண்டு கிடக்கிறாள் குள்ளம்மாள். மொட்டப்பாறையைத் தாண்டிய பிறகுதான் வெயில் மண்டையைப் பிளக்கும் என்பது தூக்குகிறவர்களுக்கும் தெரியும், குள்ளம்மாளுக்கும் தெரியும். பிறந்ததிலிருந்து இதே தடத்தில் ஏறி இறங்குகிறவள் அவள். ஆனாலும் “ம்” என்கிறாள். அந்த “ம்” காதில் விழுந்ததும் கரியன் அடுத்த பொய்க்குத் தாவுகிறான்.

வத்தல்மலைக்கு ரோடு கிடையாது. மேலே உள்ள ஊர்களில் யாருக்காவது உடம்புக்கு வந்து, கைவைத்தியத்துக்கும் அடங்காமல் போனால், கம்பளியில் போட்டு மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். பொம்மிடிப் பக்கம் இறங்கினால் கன்னியாஸ்திரீகள் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. விடிந்ததும் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேரலாம். அந்தக் கம்பளித் தொட்டிலை மலைக்காரர்கள் தூளி என்கிறார்கள். மீசை நரைத்த மனிதர்கள் தூளியில் போவதைப் பார்த்துக் கீழ்நாட்டுச் சந்தைக்காரர்கள் சிரிப்பதுண்டு. கரியன் அவர்களையும் கோபித்துக்கொள்ள மாட்டான். “சிரிக்கட்டுமுங்க, சிரிப்புச் சத்தம் கேட்டா உள்ள இருக்கிற உசுருக்கு நல்லதுதானுங்க” என்பான்.

ஆள் குள்ளம். கழுத்து தடித்துத் தோளோடு ஒட்டியிருக்கும். வலது தோளில் மூங்கில் அழுந்தி அழுந்தி எலுமிச்சம்பழம் அளவுக்குக் காய்ப்பு ஏறியிருக்கிறது. சரிவில் இருக்கும் துண்டு நிலத்தில் சாமையும் கேழ்வரகும் விதைப்பது, காட்டில் கடுக்காய் பொறுக்கிச் சந்தைக்குக் கொண்டுபோவது, இவைதான் அவன் பிழைப்பு. தூளி தூக்குவதற்குக் கூலி கிடையாது. இன்றைக்கு நான் தூக்கினால் நாளைக்கு நீ தூக்குவாய் என்ற கணக்குத்தான். ஆனால் எந்த ஊரில் யார் விழுந்தாலும் முன்முனைக்குக் கரியனைத்தான் தேடி வருவார்கள். காரணம் அவன் தோள் அல்ல, வாய்.

மற்ற நேரங்களில் அந்த வாயில் எப்போதும் புகையிலை இருக்கும். கன்னம் ஒரு பக்கம் புடைத்தபடியேதான் உழுவான், நடப்பான், தூங்கவும் செய்வான். தூளி என்று ஆள் வந்து நின்றதும் முதல் காரியமாகப் புகையிலையைத் துப்பிவிட்டு வாயைக் கொப்பளிப்பான். சாமி கும்பிடப் போகிறவன் கால் கழுவுவதைப்போல அத்தனை கவனமாகக் கொப்பளிப்பான்.

“எங்க மலையில பொணத்தத்தாங்க வாயடச்சுத் தூக்குவோம். உசுரத் தூக்குறப்பப் பேசணும். பேச்சு நின்னுபோச்சுன்னா, ‘ஓகோ, நம்மள வேற எங்கியோ கொண்டுபோறானுங்க’ன்னு உசுரு நெனச்சுக்குமுங்க” என்பது அவன் சாஸ்திரம்.

சாஸ்திரம் என்றால் அதற்குச் சட்டதிட்டம் வேண்டாமா? இருக்கிறது. தூளி தோளில் ஏறியபின் ‘கனம்’ என்ற சொல் வாயில் வரக்கூடாது. தோள் கழன்று விழுகிற மாதிரி இருந்தாலும் “பூவாட்டம் இருக்குது, மாத்திக்கலாம்” என்றுதான் சொல்ல வேண்டும். ‘இறக்கு’ என்று சொல்லக்கூடாது, ‘குந்த வை’ என்று சொல்ல வேண்டும். எவ்வளவு தூரம் என்று யாரும் கேட்கக்கூடாது. வழியனுப்ப வரும் பெண்கள் கோயில் மாமரத்துக்கு இந்தப் பக்கமே அழுது முடித்துவிட வேண்டும். ‘போ’ என்றும் யாரும் சொல்லிவிடக்கூடாது. மழை கொட்டினால் குளுகுளு என்று இருக்கிறது. கால் வழுக்கினால் சறுக்கு மரம் விளையாடுகிறோம். சிறுத்தை உறுமினால் எதிர்ச்சரிவில் யார் வீட்டு நாயோ குரைக்கிறது. இத்தனையையும் கேட்டுக்கொண்டு, பாதி நம்பியும் பாதி சிரித்தும், எத்தனையோ பேர் உயிரோடு அடிவாரம் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அதை இல்லை என்று சொல்ல நம்மால் முடியாது.

இந்தப் பேச்செல்லாம் செல்லாத இடம் ஒன்று உண்டு. அது அவன் வீடு. அவன் மனைவி கருப்பி, உள்ளதை உள்ளபடி போட்டு உடைக்கிறவள்.

“கூரை ஒழுவுதுன்னா ஒழுவுதுன்னு சொல்லுய்யா. மழ நம்ம வூட்டுக்கு விருந்தாடி வந்திருக்குதுன்னு சொன்னா ஓட்டை அடஞ்சிருமா?” என்று தலையில் சொட்டும் நீரைத் துடைத்துக்கொண்டே கேட்பாள். அவன் சாமைக் கதிரைக் கையில் ஏந்தி “தங்கம் தங்கம்” என்றால், அவள் கசக்கி ஊதிக் காட்டி “பாதிப் பதரு” என்பாள். ஊரில் எல்லோரும் கரியனின் பேச்சைப் பயபக்தியோடு கேட்டார்கள், அவள் ஒருத்திதான் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே அவன் வீட்டில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக அளப்பான் என்று நினைக்க இடம் இருக்கிறது.

கருப்பியின் தம்பிதான் தீர்த்தன். அக்காளைப்போலவே அவனும் ஒரு காலத்தில் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறவன். அது ராஜப்பன் விழுந்த அன்றோடு போயிற்று.

தேன் எடுக்க மலை முகட்டில் கயிற்றில் தொங்கிய ராஜப்பன், கயிறு அறுந்து பாறையில் விழுந்தான். நல்ல வயசுப் பையன், கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூளியில் அவன் முனகிக்கொண்டே வந்தான். பாதி வழியில் தோள் மாற்றும்போது, கம்பளிக்கு வெளியே தொங்கிய அவன் கையைத் தீர்த்தன் எடுத்து உள்ளே வைத்தான். வைத்தவன், “கை சில்லுன்னு ஆயிடிச்சே மாமா. இது தேறாது” என்று சொல்லிவிட்டான். ராஜப்பன் கண்ணைத் திறந்தான். தீர்த்தனைப் பார்த்தான், கரியனைப் பார்த்தான். அதன் பிறகு அவன் “ம்” கொட்டவில்லை. அடிவாரத்துக்கு வருவதற்குள் உயிர் போய்விட்டது.

செத்தவன் அடியினால் செத்தானா, சொல்லினால் செத்தானா, யார் கண்டது? கரியன் கண்டுவிட்டதாக நினைத்தான். அதுதான் வந்த வினை. பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மச்சினனை ஓங்கி அறைந்தான். ஊருக்குத் திரும்பி ஆள் கூடின இடத்தில் “விழுந்ததுல சாவலீங்க, இவன் நாக்குத்தான் கொன்னுச்சு” என்றும் சொன்னான். ராஜப்பனைப் பெற்றவள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். நல்ல சொல்லைத் தவிர வேறு சொல்லாதவன் என்று பேர் வாங்கிய மனிதன், ஒருத்தன் தலையில் ஆயுசுக்கும் சுமக்கும்படி ஒரு சொல்லை ஏற்றிவிட்டான். தீர்த்தன் தூளி தூக்குவதை நிறுத்தவில்லை. வாயைத்தான் நிறுத்திக்கொண்டான். மூங்கில் தோளில் ஏறினால் இறங்குகிறவரை அவனிடமிருந்து ஒரு முனகல்கூட வராது.

யுத்தத்தினால் துணி கிடைக்காமல் ஜனங்கள் திண்டாடிய வருஷம். சாமை முற்றி நிற்கிற பருவத்தில், விடிகிற நேரத்தில், காட்டுப் பன்றிகள் கொல்லையில் இறங்கின. தகரத்தைத் தட்டிக்கொண்டு விரட்டப் போனாள் கருப்பி. கூட்டமெல்லாம் ஓடிவிட, தனிப் பன்றி ஒன்று திரும்பி வந்து அவள் தொடையின் உள்பக்கத்தைக் கோரைப் பல்லால் கிழித்துவிட்டது. பெண்கள் ஓடிவந்து மஞ்சளையும் பச்சிலையையும் வைத்து அடைத்து, இருந்ததிலேயே கெட்டியாகத் தெரிந்த பழைய சேலையைக் கிழித்துக் கட்டினார்கள். கெட்டியாகத் தெரிந்தது, அவ்வளவுதான். அந்த வருஷத்தில் யார் வீட்டில் கெட்டியான துணி இருந்தது?

ஆண்கள் பாதிப் பேர் கடுக்காய் மூட்டையோடு சந்தைக்குப் போயிருந்தார்கள். அகப்பட்டவர்கள் கரியன், தீர்த்தன், பக்கத்து வீட்டு மாதேஸ், மூன்றே பேர். மாதேஸ் அரிவாளோடு முன்னால் நடந்து முள்ளை விலக்குவது, தோள் வலிக்கும்போது முறைவைத்து மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு. கரியன் புகையிலையைத் துப்பினான். வாயைக் கொப்பளித்தான். அன்றைக்கு இரண்டு தடவை கொப்பளித்தான்.

“ஒண்ணுமில்ல கருப்பி, முள்ளு கீறின மாதிரிதான்” என்று தொடங்கினான்.

கம்பளிக்குள்ளிருந்து அவள், “கீறினது உந்தொடையா எந்தொடையா?” என்றாள். மாதேஸ் சிரித்தான். கரியனுக்கு உயிர் வந்தது. இந்த வாய் இருக்கிறவரை பயமில்லை என்று எண்ணிக்கொண்டு நடையைக் கட்டினான்.

மொட்டப்பாறை வரைக்கும் அவன் சொன்ன ஒவ்வொன்றுக்கும் எதிர்ச்சொல் வந்தது. பாறையைத் தாண்டியதும் எதிர்ச்சொல் போய் “ம்” மட்டும் வந்தது. வெயில் ஏறியது. கரியன் ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொன்னான். அங்கே நர்சம்மா லூர்துமேரி கை வைத்தால் காயம் வெட்கப்பட்டு மூடிக்கொள்ளும் என்றான். வரும்போது பொம்மிடிச் சந்தையில் வளையல் வாங்கலாம் என்றான். “ம்.” தை மாசத்துக்குள் கூரையைப் பிரித்துப் புதுசாக வேய்ந்துவிடலாம் என்றான். அதற்கு அவள் சண்டைக்கு வந்திருக்க வேண்டும். எத்தனை தை மாசமாக அவள் கேட்கிற பேச்சு அது. “ம்” என்றுதான் வந்தது, அதுவும் நேரம் கழித்து வந்தது.

அப்போதுதான் மூங்கில் அவன் கழுத்தில் இடித்தது. பின்னாலிருந்து தீர்த்தன் தள்ளுகிறான். இறக்கத்தில் பின்னால் வருகிறவன் இழுத்துப் பிடிக்க வேண்டும், அதுதான் முறை. இவன் தள்ளிக்கொண்டு வந்தான்.

“மெதுவாடா மச்சான், சந்தைக்கா ஓடுறோம்?”

மறுபடியும் மூங்கில் இடித்தது. கரியன் நடையை எட்டிப் போட்டான். தோள் மாற்றும் இடம் வந்ததும் மாதேஸ் பின்பக்கம் போகப் பார்த்தான். தீர்த்தன் தலையை ஆட்டி மறுத்துவிட்டான். தடத்தை மறித்துக்கொண்டு, மாதேஸை நெருங்கவே விடவில்லை. முகமெல்லாம் வேர்வை.

கரியனுக்கு மனசு குளிர்ந்தது. “பாத்தியா கருப்பி, உந்தம்பி மூங்கில யாருக்கும் குடுக்க மாட்டேங்குறான். பூவாட்டம் இருக்குறியாம்” என்றான்.

அவன் முதுகுக்குப் பின்னால் நடந்ததை அவன் பிறகுதான் அறிந்தான். நாம் இப்போதே அறிந்துகொள்ளலாம். மொட்டப்பாறை இறக்கத்தில் ஏற்பட்ட குலுக்கலில் அந்தப் பழைய சேலைக்கட்டு கிழிந்து அவிழ்ந்துவிட்டது. ரத்தம் கம்பளியில் ஊறியது. கறுப்புக் கம்பளியில் ஊறும் ரத்தம் வெளியே தெரியாது. ஊறி நிறைந்த பிறகு அடியில் திரண்டு சொட்ட ஆரம்பித்தது. சொட்டியது தீர்த்தனின் கால்மேல். முதலில் வேர்வை என்று நினைத்தான். குனிந்து பார்த்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சொல்ல வேண்டும். சொன்னால் அக்காள் காதில் விழும். விழுந்தால் ராஜப்பன் பார்த்த மாதிரி கண்ணைத் திறந்து ஒரு பார்வை பார்ப்பாள், அப்புறம் “ம்” கொட்ட மாட்டாள். மாதேஸை அருகே விட்டால் அவன் பார்த்துவிட்டுக் கத்துவான். தன் நாக்கில் சாவு இருக்கிறது என்று கரியன் சொன்னதை ஊரில் யார் மறந்தாலும் தீர்த்தன் மறக்கவில்லை. ஆகவே அவன் செய்யத் தெரிந்த ஒன்றைச் செய்தான். மூங்கிலைத் தள்ளினான்.

முன்னால் கரியன் பேசிக்கொண்டே போனான். பின்னால் அவன் மனைவியின் உயிர் சொட்டுச் சொட்டாகப் பாறையில் விழுந்துகொண்டிருந்தது.

“கருப்பி, கேக்குதா?”

“கருப்பி!”

“…ம்.”

தடம் சட்டென்று மடங்கித் திரும்பும் வளைவு ஒன்று வந்தது. அங்கே முன்னால் போகிறவன் திரும்பிக் கீழ்ப்படியில் நிற்பான், பின்னால் வருகிறவன் அவன் கண்ணுக்கு நேரே மேல்படியில் நிற்பான். கரியன் நிமிர்ந்து பார்த்தபோது தீர்த்தனின் பாதங்கள்தான் முதலில் தெரிந்தன. கணுக்கால் வரைக்கும் சிவப்பு.

“காலுல என்னாடா? முள்ளு கிழிச்சிருச்சா?”

தீர்த்தன் இல்லையென்று தலையசைத்தான். கண் இரண்டிலும் நீர் ஓடியது. வாயைத் திறக்காமல் கம்பளியின் அடிப்பக்கத்தைப் பார்த்தான். அவன் பார்த்த இடத்தில் ஒரு சொட்டுத் திரண்டு, தயங்கி, விழுந்தது.

அந்த நிமிஷத்தில்கூடக் கரியனின் வாய் பழக்கத்தை விடவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு, குரலை மெத்தென்று வைத்துக்கொண்டு, “மாதேசு, காத்து நல்லா வருது. இங்க செத்த குந்த வெப்போமா?” என்றான். ஒற்றையடித் தடம், ஒரு பக்கம் பள்ளம். மூன்றாவது ஆள் வந்து நடுவில் தாங்காமல் தூளியைக் கீழே வைக்க முடியாது.

முன்னால் போய்விட்ட மாதேஸ் திரும்பியே பார்க்கவில்லை. “இங்க எடம் சரியில்ல மாமா. கீழ ஓடைகிட்டப் போயி குந்தலாம் வாங்க” என்று நடந்துகொண்டே இருந்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. காற்று வாங்கக் கூப்பிட்டால் யார் ஓடி வருவார்கள்?

இன்னொரு சொட்டு விழுந்தது. கரியன் வாயைத் திறந்தான், மூடினான். தன் வாய்க்குள் என்றுமே நுழைய விடாத சொற்கள் அவை. அவற்றை அவள் காதுபடச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மாதேஸ் வர மாட்டான்.

“எறக்குடா!” என்று கத்தினான். மலை எதிரொலித்தது. “ரத்தம் போவுது! அவ சாவப் போறாடா, எறக்கு!”

மாதேஸ் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். மூவருமாகத் தூளியைப் பாறையில் வைத்தார்கள். கம்பளியை விலக்கியபோது கருப்பியின் கண் திறந்திருந்தது. கரியன் ஆடிப்போனான். ராஜப்பனின் கண்ணும் இப்படித்தான் திறந்தது.

அவள் உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தான்.

“இப்பத்தான்யா… வாயத் தொறந்து ஒரு நெசம் சொல்லியிருக்க.”

அழுவதற்கு நேரமில்லை. தலைப்பாகையை அவிழ்த்துச் சுருட்டிக் காயத்துக்குள் வைத்துத் தீர்த்தனை இரண்டு கையாலும் அழுத்தச் சொன்னான். மாதேஸின் துண்டை முறுக்கி அதன்மேல் இறுக்கிக் கட்டினான். சொட்டுவது நிற்கிறவரை அழுத்தினார்கள். நின்றது. ஆனால் அதற்குள் அவள் முகம் சாம்பல் பூத்துவிட்டது. மறுபடி தூளியைத் தூக்கியபோது கரியன் பேசவில்லை. பேச வாய் வரவில்லை. கத்தின சொல் காதிலேயே நின்றது. சாவப் போறா என்று சொன்னது அவன்தான். அவள் பிழைக்காவிட்டால் எந்த நாக்கு கொன்றது என்று ஊர் கேட்காது, அவனே கேட்டுக்கொள்வான்.

கொஞ்ச தூரம் சத்தமே இல்லாமல் போனார்கள். பிணத்தைத் தூக்குகிற மாதிரி.

“ஏய்யா” என்றாள் கருப்பி.

“என்னா?”

“பேசு.”

“என்னாத்தப் பேசச் சொல்ற?”

“உம்பேச்சத்தான். வெயிலே கெடையாதுன்னு… சொல்லு.”

உச்சி வெயில் பாறையை வறுத்துக்கொண்டிருந்தது. கரியன் தொண்டையைச் செருமினான். “வெயிலே கெடையாது கருப்பி” என்றான். குரல் உடைந்தது. விடாமல் சொன்னான். நிழல் என்றான், ஓடையில் தண்ணீர் பாலாக ஓடுகிறது என்றான், வளையல் பச்சையா சிவப்பா என்றான். அவள் “பச்ச” என்றாள். ஓட்டமும் நடையுமாக அடிவாரத்துக்கு வந்து, அங்கிருந்து பொம்மிடி ரஸ்தாவில் ஓட்டமாகவே ஓடினார்கள். வழி நெடுகப் பேச்சு அறவில்லை. ஆனால் வளைவு வருகிற இடத்திலெல்லாம் பேச்சுக்கு நடுவில் “மச்சான், பாத்தியா?” என்று கேட்டான். தீர்த்தன் குனிந்து கம்பளியின் அடியைப் பார்ப்பான். இல்லையென்று தலையசைப்பான்.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா லூர்துமேரி ஒரு பார்வை பார்த்தாள், ஒரு கேள்வி கேட்கவில்லை. கருப்பியை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மூவரும் வாசற்படியில் உட்கார்ந்தார்கள். மாதேஸ் கம்பளியை அலசப் போனான். கிணற்றடியில் எத்தனை வாளி இறைத்தும் தண்ணீர் சிவப்பாகவே ஓடியது. கரியன் அந்தப் பக்கம் பார்க்காமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பொழுது இறங்குகிற நேரத்தில் கதவு திறந்தது. லூர்துமேரி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து நின்றாள். அவள் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. யாராவது கேட்க வேண்டும். கரியன் எழுந்தான். மலையில் இருக்கிற அத்தனை உயிர்களையும் பேசியே கீழே கொண்டுவந்தவனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. தன் வாயிலிருந்து எது வந்தாலும் அது பலித்துவிடும் என்று நடுங்கினான். திரும்பித் தீர்த்தனின் முதுகில் கையை வைத்து முன்னால் தள்ளினான்.

“நீ கேளு மச்சான்.”

தீர்த்தன் அவனை நம்பாமல் பார்த்தான்.

“உன் வாயால கேளுடா. நல்ல வாயிடா அது. அன்னிக்கு ராசப்பன் கயிறு அறுந்துதான் செத்தான். நீ சொன்னதால இல்ல. எனக்கு அன்னிக்கே தெரியும்டா.”

தீர்த்தன் கை கூப்பிக்கொண்டு, “எங்கக்கா எப்படிங்கம்மா இருக்குது?” என்று கேட்டான். பழக்கம் விட்டுப்போன குரல், பாதிக் காற்றாகத்தான் வந்தது.

“ரத்தம் நின்னுடுச்சு. ரொம்பப் போயிருக்கு, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நான் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. விடியட்டும், அப்புறம்தான் உறுதியாச் சொல்லுவேன். கால் பழைய மாதிரி மடங்காது” என்றாள் லூர்துமேரி. பிறகு, “இதுல கரியன் யாரு? உங்க சம்சாரம் ஒண்ணு சொல்லச் சொல்றாங்க. தை மாசம்னு சொன்ன வாயால கூரைக்குப் புல்லு அறுக்கப் போகணுமாம். இந்த ஐப்பசி மழைக்கே அது தாங்காதாம்” என்றாள்.

கரியன் படியில் உட்கார்ந்துவிட்டான். தலையைக் கவிழ்த்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதான். பக்கத்தில் வரிசையில் நின்ற நோயாளிகள், யாரோ போய்விட்டார்கள் என்று எண்ணிப் பரிதாபப்பட்டார்கள்.

கருப்பி பிழைத்துவிட்டாள். ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறாள். கூரை வேய்ந்தாகிவிட்டது. அதையும் அவள் “மேக்கால மூலையில இன்னும் ஒழுவுது” என்றுதான் சொல்கிறாள். கரியன் பழையபடியே தூளி தூக்குகிறான், பழையபடியே புளுகுகிறான். பூவாட்டம் இருக்கிறது, வெயிலே கிடையாது, சறுக்கு மரம், எதுவும் மாறவில்லை. பின்முனையில் தீர்த்தனுக்கு மட்டும் எதையும் சொல்ல உரிமை உண்டு. “மாமா, கட்டு தளருது, எறக்குங்க” என்று அவன் பச்சையாகவே சொல்வான். கரியன் ஏன் என்று கேட்காமல் இறக்குவான்.

குள்ளம்மாளைத் தூக்கிய இன்று காலையிலும் அப்படித்தான். கம்பளியில் முடிச்சுப் போட்டாயிற்று. பெண்கள் அழுது முடித்துவிட்டார்கள். கரியன் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மூங்கிலைத் தோளில் ஏற்றினான். ஏற்றியவன் நடக்கவில்லை, பேசவுமில்லை. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து காலை இழுத்து இழுத்து வந்தாள் கருப்பி. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. குனிந்து, தூளியின் அடியில் கையை விட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினாள். பிறகு கையை எடுத்து, விரல்களை விரித்து, ஈரம் படாத உள்ளங்கையைக் கரியனின் கண்ணுக்கு நேரே நீட்டினாள். அவன் அதை நன்றாகப் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தான்.